இட்டலிப் பானையில் ஒரு புதுத் தானியம்

நாள்தோறும் காலையில் உண்ணும் இட்டலியைப் பற்றிப் பேசுவதற்கு ஒருவர் வானொலி நிலையம் வரையில் வரவேண்டுமா என்று உங்களில் சிலர் நகைக்கக்கூடும். நகையுங்கள், ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் விடை கூறிவிட்டு நகையுங்கள். அரிசியை மட்டும் அரைத்து இரவு முழுதும் வைத்தால் அம்மாவு அவ்வளவாக உப்புவதில்லை. உளுந்தையும் அரைத்து அதனோடு கலந்து வைத்தால், விடியற்காலையில் மாவு பொங்கிப் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டு நிற்கிறது. ஏன்? பதினைந்து ஆண்டுகளாக இட்டலி உண்டு வளர்ந்த மாணவர்கள் இக்கேள்விக்கு விடையின்றி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதை வகுப்பறையில் பலமுறை கண்டிருக்கிறேன்.

விடை தெரியாமையால் இதுகாறும் யாருக்கும் நட்டம் ஏற்பட்டதில்லை. மூதாட்டியர் வகுத்துவைத்த அளவுப்படி அரைத்தார்கள். இட்டலியும் பூப்போல் வெந்தது. இப்பொழுது நிலைமை சற்று மாறியிருக்கிறது. அரிசியைக் குறைத்துக்கொள்ளுமாறு மருத்துவர் கூறுகிறார். கடைகளில் கினோவா என்னும் வெளிநாட்டுத் தானியம் அழகிய பொட்டலங்களில் வந்து குவிந்திருக்கிறது. அரிசிக்கு மாற்றாக அதைக் கொட்டி அரைத்துப் பார்க்கிறார்கள். பழைய அளவு அப்பொழுது கைகொடுப்பதில்லை.

என் தமையனார் வீட்டிலேயே இது நிகழ்ந்தது. அவர் எழுபதைக் கடந்தவர். நீரிழிவு நோய் உடையவர். சோற்றைக் குறைக்கச் சொன்னபோது அவர் சிறிதும் வருந்தவில்லை. காலையில் இட்டலித் தட்டு இருந்த இடத்தில் ஓட்சுக் கஞ்சியை வைத்தபோதுதான் அவர் முகம் வாடியது. “அறுபது ஆண்டுக் காலமாக விடிந்தவுடன் எதிர்பார்த்த ஒன்று இல்லாமற் போய்விட்டதடா, தம்பி” என்றார். நோயாளி ஒருவர் இழப்பது உணவை மட்டுமன்று என்பதை வயதானவர்கள் அறிவார்கள். நீங்களும் உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கண்டு ஓரளவு அறிந்திருப்பீர்கள்.

அவருடைய மருமகள் மிகுந்த அன்புடையவள். கினோவா வாங்கி வந்து, அரிசியை அறவே நீக்கி, அதே அளவு கினோவாவை உளுந்தோடு அரைத்து இட்டலி வார்த்தாள். தட்டிலிருந்து எடுக்க வராமல் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது, தட்டையாக இருந்தது, நாவில் ஒரு கசப்பும் தங்கியது. தமையனார் ஒன்றும் கூறாமல் உண்டுவிட்டார். அந்தப் பெண்தான் கண்கலங்கினாள். அவளுடைய கைப்பக்குவத்தில் குறையே இல்லை. அரிசிக்குப் பதிலாக இதைப் பயன்படுத்தலாம் என்று பொட்டலத்தில் அச்சிட்டிருந்தது. இட்டலியில் அரிசி என்ன வேலை செய்கிறது, அவ்வேலையைக் கினோவா செய்யுமா என்பது அதில் அச்சிடப்படவில்லை. இவ்விரண்டையும் இன்று ஆராய்வோம்.

முதலில் தானியத்தை அறிந்துகொள்வோம். தானியம் என்று சொன்னேனே தவிர, நெல், கோதுமை, சோளம் ஆகியவற்றைப் போலக் கினோவா புல்லினத்தைச் சேர்ந்ததன்று. அது கீரையினம். நம் ஊர்த் தண்டுக்கீரையும் முளைக்கீரையும் எக்குடும்பமோ அக்குடும்பமே இதற்கும். சக்கரவர்த்திக் கீரை என்று நாம் வழங்குவது இதற்கு இன்னும் நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. நாம் இலையைக் கொண்டோம். அவர்கள் விதையைக் கொண்டார்கள்.

அவர்கள் என்று நான் கூறுவது தென்அமெரிக்காவில் ஆண்டீசு மலைத்தொடரில் வாழும் மக்களை. பெரு, பொலிவியா ஆகிய நாடுகளின் எல்லையில் டிட்டிகாக்கா என்னும் பேரேரி ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டாச் சிகரத்தைப் போல் ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவான உயரம் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நெல் விளையாத அந்தக் குளிரிலும் வறட்சியிலும் சில ஆயிரம் ஆண்டுகளாக மக்களை வாழவைத்த பயிர்களுள் கினோவாவும் ஒன்று. மற்றொன்று எது தெரியுமா? உருளைக்கிழங்கு. அதுவும் அதே மலைத்தொடரில் தோன்றியதுதான். மசாலைத் தோசைக்குள் நாம் மடித்துவைக்கும் பொருள் ஆண்டீசிலிருந்து வந்தது. சட்டினிக்குக் காரம் தரும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. ஆகவே அந்நிய நாட்டுப் பொருள் என்பதற்காகக் கினோவாவை ஒதுக்குவோர் தம் தோசைத் தட்டை முதலில் நன்றாகப் பார்த்துக்கொள்ளவேண்டும்!

உருளைக்கிழங்கு உலகெங்கும் பரவியது. கினோவா மட்டும் நானூறு ஆண்டுகளுக்கு மேல் மலையிலேயே தங்கிவிட்டது. 1532-ஆம் ஆண்டில் பிசாரோ என்னும் தளபதியின் தலைமையில் ஸ்பானியர் இன்கா அரசரைச் சிறைப்பிடித்தனர். அதன்பின் பிறந்தவர் கார்சிலாசோ டெ லா வேகா. அவர் தாய் இன்கா அரச குலத்துப் பெண், தந்தை ஸ்பானியர். ஸ்பெயினில் குடியேறிய பின், தம் தாய்நாட்டுக் கினோவாவை அங்கே பயிரிட விரும்பி விதைகளை வருவித்தார். கடல் கடந்து வந்த விதைகள் முளைக்கவில்லை. 1609-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் வரலாற்று நூலில் இதனை அவரே எழுதியிருக்கிறார். கினோவா விதை முளைக்கும் ஆற்றலை எளிதில் இழந்துவிடும் இயல்புடையது. நீண்ட கப்பற்பயணத்தில் அதற்கு அதுவே நேர்ந்திருக்கவேண்டும்.

இனிக் கசப்புக்கு வருவோம். கினோவா விதையின் மேற்புறத்தில் சபோனின் என்னும் பொருள் படிந்திருக்கிறது. இப்பொருள் நமக்குப் புதியதன்று. பூந்திக்கொட்டையை நீரில் இட்டுக் கசக்கினால் நுரைக்கிறதே, அந்நுரைக்குக் காரணம் இதுதான். சீயக்காயிலும் இது உண்டு. பறவைகளும் பூச்சிகளும் தின்னாதபடி செடி தன் விதைக்குப் பூசிவைத்த காப்பு அது. ஆண்டீசு மக்கள் விதையைத் தேய்த்தும் அலசியும் அதை நீக்கிய பிறகே உண்பார்கள். இன்று ஆலையில் நீக்கி விற்பது பெருவழக்கு. எனினும் எச்சம் இருக்கக்கூடும். ஆதலால் கினோவாவை நீரில் இட்டு உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்து, நுரை நிற்கும் வரையில் மூன்று நான்கு முறை கழுவவேண்டும். கடுகினும் சற்றே பெரிய விதை. அரிசி களைவதுபோல் களைந்தால் பாதி நீரோடு போய்விடும். மெல்லிய துணியிலோ நுண்ணிய வடிகட்டியிலோ இட்டுக் கழுவுவதே முறை. தமையனார் நாவில் தங்கிய கசப்பு இவ்வளவில் தீர்ந்தது.

தட்டையாய்ப் போனதன் காரணம் இதைவிட ஆழமானது. தொடக்கத்தில் கேட்ட கேள்வியும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

உளுந்தின் மேல் இயற்கையாகவே நுண்ணுயிர்கள் பல இருக்கின்றன. ஊறவைத்து அரைத்து, வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் அவை பெருகுகின்றன. 1965-ஆம் ஆண்டில் ஸ்டைன்கிராஸ் முதலிய அறிஞர்கள் இட்டலி மாவைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். லூக்கோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்னும் பாக்டீரியமே மாவை உப்பவைப்பதில் முதன்மையானது என்று அதில் காட்டினார்கள். பெயர் நீளமானது, தேர்வுக்கு வேண்டுமானால் ஒழிய மனப்பாடம் செய்யவேண்டாம். அது மாவில் உள்ள சர்க்கரைப் பொருள்களை உண்டு, கரியமில வாயுவையும் புளிப்புத் தரும் அமிலங்களையும் வெளியிடுகிறது என்பதை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள். கைராசியால் மாவு புளிக்கிறது என்று பெண்டிர் கூறுவதுண்டு. கையில் உள்ள நுண்ணுயிர்களும் ஓரளவு துணைசெய்யலாம். ஆயினும் வேண்டிய வித்து உளுந்திலேயே இருக்கிறது.

வாயு உண்டானால் மட்டும் போதுமா? சோடாப் புட்டியைத் திறந்தால் வாயு வருகிறது, உடனே பறந்துவிடுகிறது. மாவில் வாயுவைப் பிடித்துவைக்க ஒருவர் வேண்டும். அந்த வேலையையும் உளுந்தே செய்கிறது. அரைத்த உளுத்தமாவு கையில் வழவழவென்று நூலிழுப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதில் உள்ள ஒரு வகைப் புரதம் வாயுக் குமிழிகளைச் சுற்றி மெல்லிய தோலாகப் படிகிறது; அரபினோகாலக்டன் என்னும் பிசின் போன்ற பொருள் அத்தோல் கிழியாமல் காக்கிறது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்து அறிஞர்கள் 1970-களில் இதனை ஆராய்ந்து விளக்கினார்கள். கோதுமை ரொட்டியில் குளூட்டன் செய்யும் தொழிலை இட்டலியில் உளுந்து செய்கிறது எனலாம். ஆதலின் உளுந்தைக் குறைத்துவிட்டு எத்தானியத்தைச் சேர்த்தாலும் இட்டலி எழாது.

அப்படியாயின் அரிசிக்கு என்ன வேலை? கட்டடத்துக்குச் செங்கல் போன்றது அது. புழுங்கலரிசியை ரவைபோல் கொரகொரப்பாக அரைக்கிறோம். ஆவியில் வேகும்போது குமிழிகள் வெப்பத்தால் விரிகின்றன. அவற்றைச் சூழ்ந்த அரிசி மாவு வெந்து இறுகி, விரிந்த வடிவத்தை அப்படியே நிறுத்திவைக்கிறது. கினோவாவின் மாவுமணிகள் அரிசியினுடையவற்றைவிட மிகச் சிறியவை. குறைந்த சூட்டிலேயே வெந்து குழைந்துவிடுபவை. ஆறியபின் கெட்டியாக நிற்பதற்கு வேண்டிய அமைலோசு என்னும் பகுதியும் அவற்றில் குறைவு. ஆகவே கினோவா மட்டும் சேர்ந்த இட்டலி ஈரச் செங்கல்லால் எழுப்பிய சுவர்போல் அமர்ந்துபோகிறது. தோசைக்கோ இக்குறை பொருட்டன்று. தோசை மெல்லியது, உயர்ந்து நிற்க வேண்டிய கட்டாயம் அதற்கில்லை, நீர் கல்லிலேயே சுண்டிவிடுகிறது. கினோவாவில் எண்ணெய்ப்பசை நூற்றுக்கு ஆறு பங்கு அளவு உண்டு. தோசை நன்றாகச் சிவந்தும் வரும். என் கருத்தைக் கேட்டால், கினோவா தோசைக்கே பிறந்தது. இட்டலிக்கு அது விருந்தாளி.

விருந்தாளியை எவ்வாறு அமர்த்துவது? அரிசியில் பாதியை நீக்கிவிட்டு அவ்விடத்தில் கினோவாவைச் சேர்க்கவேண்டும். புழுங்கலரிசி ஒன்றரைத் தம்ளர், கினோவா ஒன்றரைத் தம்ளர், உளுத்தம்பருப்பு ஒரு தம்ளர், வெந்தயம் ஒரு தேக்கரண்டி. உளுந்தையும் வெந்தயத்தையும் ஒன்றாக ஊறவையுங்கள். அரிசியைத் தனியே, கினோவாவைத் தனியே. நான்கு மணி நேரம் போதும். கினோவாவை இரவெல்லாம் ஊறவிட்டால் அது முளைக்கத் தொடங்கிவிடும். உளுந்தை நீர் தெளித்துத் தெளித்துப் பொங்க அரைக்கவேண்டும். அரைத்த மாவில் ஒரு துளியை நீரில் இட்டால் மிதக்கவேண்டும். அரிசியையும் கினோவாவையும் கொரகொரப்பாக அரைத்து, உப்பிட்டுக் கலந்து வையுங்கள். வழக்கத்தினும் நீர் சற்றுக் குறைவாக இருத்தல் நலம். சென்னை போன்ற ஊரில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் மாவு எழும்; உதகையில் இருப்போர் அடுப்புக்கு அண்மையில் வைக்கவேண்டும். தோசைக்கானால் கினோவா இரண்டு பங்கு, அரிசி ஒரு பங்கு, உளுந்து ஒரு பங்கு என வைத்து நைசாக அரைக்கலாம்.

மரபு கெட்டுவிடும் என்று அஞ்சுவோர்க்கு ஒரு செய்தி. இட்டலியை ஒத்த பெயர் கன்னடத்தில் ‘வட்டாராதனெ’ என்னும் பத்தாம் நூற்றாண்டு நூலிலேயே வருகிறது. 1130-ஆம் ஆண்டையொட்டிச் சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேசுவரர் இயற்றிய ‘மானசோல்லாசம்’ என்னும் நூலிலும் அதைப் பற்றிய குறிப்பு உண்டு. அக்குறிப்புகளில் உளுந்து இருக்கிறது, அரிசி இல்லை. நாம் பழமை என்று போற்றும் அரிசியே இட்டலிக்குப் பின்னர் வந்து சேர்ந்தது போலும்! இரண்டாம் உலகப்போரின்போது, 1942-ஆம் ஆண்டில் பர்மா சப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அவ்வரிசித் தட்டுப்பாட்டுக் காலத்தில் பெங்களூரில் புகழ்பெற்ற மாவள்ளி டிபன் ரூம் என்னும் உணவு விடுதியார் கோதுமை ரவையில் இட்டலி செய்ததாகக் கூறுவர். ரவை இட்டலியை இன்று யார் புதுமை என்கிறார்கள்?

இனிச் சத்துக் கணக்கு. விளம்பரங்கள் கினோவாவை முழுமையான புரதம் என்று முழங்குகின்றன. முழக்கத்தை விட்டுவிட்டு, சிலேட்டும் பலப்பமும் எடுத்துக்கொள்ளுங்கள். நூறு கிராமில் அரிசியின் புரதம் ஏறக்குறைய 7 கிராம், கினோவாவில் 14, உளுந்தில் 24. எடையளவில் மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று கொண்டால், மூவேழ் இருபத்தொன்றோடு இருபத்துநான்கைக் கூட்டி நான்கால் வகுக்க, நூறு கிராம் கலவையில் 11 கிராமுக்குச் சற்று மேல் வரும். அரிசியில் பாதியைக் கினோவாவாக மாற்றினால் 14 கிராமுக்குச் சற்றுக் குறைவாக வரும். மாற்றத்தால் கூடுவது மூன்று கிராமுக்கும் குறைவு. கினோவாவுக்குப் பதிலாக, ஏறக்குறைய 12 கிராம் புரதமுள்ள நம் தினையைச் சேர்த்துப் பாருங்கள். 13 கிராம் வரும். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு கிராமை எட்டவில்லை! விலையிலோ கினோவா அரிசியைப் போல் பன்மடங்கு.

முழுமை என்பதையும் பார்ப்போம். அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் பகுதி குறைவு. உளுந்தில் அது மிகுதி. உளுந்தில் மெத்தியோனின் குறைவு. அக்குறையை அரிசி நிரப்புகிறது. இரண்டும் சேர்ந்த இட்டலி, கினோவா தனித்து நின்று செய்வதை முன்னரே கூட்டுறவாகச் செய்துகொண்டிருக்கிறது. எனவே உடல்நலமுள்ள மாணவர் எவரும் புரதத்துக்காக மட்டும் கினோவாவைத் தேடிச் செல்லவேண்டியதில்லை. அதில் நார்ச்சத்து மிகுதி என்பது உண்மை. நீரிழிவு உடையவர்க்கு அது ஓரளவு பயன் தரும். ஆனால் மருந்து என்று மயங்கலாகாது. நூறு கிராம் அரிசியில் மாவுச்சத்து முதலியவை ஏறக்குறைய 79 கிராம் என்றால் கினோவாவிலும் 64 கிராம் இருக்கிறது. இது கினோவா இட்டலிதானே என்று நான்கு உண்ணுமிடத்தில் எட்டு உண்டால் நோய்க்கு அது தெரியவா போகிறது? தமையனார் இப்பொழுது பாதிக் கினோவா சேர்த்த இட்டலி மூன்று உண்கிறார். எத்தனை என்பதை வகுத்தவர் மருத்துவர். கஞ்சிக் கிண்ணம் அலமாரிக்குத் திரும்பிவிட்டது. சில வாரங்களில் கினோவா தீர்ந்துபோனால் மருமகள் சாமையைச் சேர்க்கிறாள். அவருக்கு வேறுபாடு தெரிகிறதா என்று கேட்டேன். “சாமைதான் சட்டினியோடு நன்றாக ஒட்டுகிறது” என்றார்.

கொல்லிமலையிலும் சவ்வாது மலையிலும் சாமை விளைகிறது. ஐக்கிய நாடுகள் அவை 2013-ஆம் ஆண்டைக் கினோவா ஆண்டாகக் கொண்டாடியது. நம் நாட்டின் முன்மொழிவின்படி 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. முதற்கொண்டாட்டத்தையொட்டிக் கினோவாவின் விலை பன்மடங்கு ஏறிற்று. பொலிவியாவின் தென்பகுதி மேட்டுநிலத்தில், லாமா என்னும் விலங்கு மேய்ந்த நிலங்களையும் உழுது விதைத்தார்கள். மேய்ச்சல் குறைய எரு குறைந்தது, மண் களைத்தது. பிற நாடுகளும் பயிரிடத் தொடங்கியபின் விலை சரிந்தது. நம் நாட்டிலும் இராசத்தான், ஆந்திரம் ஆகிய இடங்களில் கினோவா விளைகிறது. தொலைவில் இருப்போர் காலையுணவை மாற்றிக்கொள்ளும்போது, மலைமேல் ஓர் உழவனின் நிலமும் மாறுகிறது என்பதைப் பொருளியல் பயிலும் மாணவர்கள் தனியே ஆராய்ந்து பார்க்கலாம்.

நான் கூறியவற்றை நம்பவேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு விடுமுறை நாளில் சோதித்துப் பாருங்கள். ஒரே அளவுள்ள ஐந்து கண்ணாடித் தம்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் அரிசி மாவு மட்டும், இரண்டாவதில் உளுத்த மாவு மட்டும், மூன்றாவதில் இரண்டும் கலந்தது, நான்காவதில் கினோவா மட்டும், ஐந்தாவதில் கினோவாவும் உளுந்தும் கலந்தது. தம்ளரில் பாதியளவே ஊற்றி, மட்டம் தெரியும்படி வெளியே காகிதத் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். உப்பும் நீரும் ஒரே அளவாக இருக்கவேண்டும். ஐந்தும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டத்தைக் குறித்துவாருங்கள். உளுந்து உள்ள மூன்றும் எழுவதையும், மற்ற இரண்டும் பின்தங்குவதையும் உங்கள் கண்களே காணும். விடிந்தபின் மாவைக் கொட்டிவிட்டு அன்னையாரிடம் வசவு வாங்காதீர்கள். ஐந்தையும் ஒன்றாகக் கலந்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் அரிந்து போட்டு, கல்லில் சற்றுக் கனமாக ஊற்றி மூடிவைத்தால் நல்ல ஊத்தப்பம் கிடைக்கும்.